கடப்பாவுக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே

திருநங்கையர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல்களுள் இரண்டைத் தமிழ் வாசகர் பலரும் படித்திருப்பார்கள். ஒன்று லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'. மற்றது ஆங்கிலத்தில் 2010இலும் 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழில் அடுத்த ஆண்டிலும் வெளிவந்த அ. ரேவதியின் தன்வரலாறு. இவற்றைத் துயரக் கதைகளாகப் படிப்பதே வழக்கம். நிலப்படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் வேறொன்று தெரிகிறது. வித்யா திருச்சியில் பிறந்தவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை பயின்றவர். தம் உடலை மாற்றிக்கொள்ள அவர் முதலில் புனே சென்று, அங்கே இரயில்களில் கைநீட்டிக் காசு சேர்த்து, பின்னர் ஆந்திரத்துக் கடப்பாவுக்குப் போகவேண்டியிருந்தது. ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் தில்லிக்கும் மும்பைக்கும் ஓடி, குருவை அடைந்து, அந்தக் குருவின் அனுமதியோடும் பணத்தோடும் அறுவைக்கு வந்து சேர்ந்த ஊர் திண்டுக்கல். நாமக்கல்லிலிருந்து திண்டுக்கல் நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இராது. மும்பை சுற்றியல்லவா அவர் அங்கே வரநேர்ந்தது!

இந்தச் சுற்றுவழி ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மருத்துவம் இல்லாததால் அல்ல. மருத்துவர் திண்டுக்கல்லில் இருந்தார். அவரிடம் கொண்டுசேர்க்கும் உறவுதான் மும்பையில் இருந்தது. இந்நாட்டில் பால்மாற்றுச் சிகிச்சைக்கான பாதையை நெடுங்காலம் அமைத்துத் தந்தது மருத்துவத்துறை அன்று. ஜமாத் என்னும் உறவமைப்பு. பின்னால் அரசு அந்த வேலையைக் கையில் எடுத்தபோது எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைப் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு நிலையிடம் தேவை. சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தை எடுத்துக்கொள்கிறேன். மேற்கே கல்வராயன் மலை; வடக்கே சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை; சின்னசேலத்தில் சேலம்-விருத்தாசலம் பாதையின் இரயில் நிலையம். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி என்று இவ்வூரின் மேல்முகவரி மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. இதே மாவட்டத்தின் கிழக்கில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கூவாகம் இருக்கிறது. இந்தியாவெங்கும் உள்ள திருநங்கையர் சித்திரை மாதம் வந்து கூடும் ஊர். அப்படியானால் நைனார்பாளையத்துப் பிள்ளையொன்றுக்கு வழி சுலபமாகத்தானே இருந்திருக்கவேண்டும்? இருந்தது, ஒரு வகையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயம் என்பதற்கு எட்டு வகைகளைச் சொல்லியது. கண்ணைக் கெடுப்பதற்கும் எலும்பை முறிப்பதற்கும் முன்னால், முதல் வகையாக அது வைத்தது ஆண்மை நீக்கத்தை. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதும் அதன் 116ஆம் பிரிவில் அதே சொல் அதே முதலிடத்தில் அமர்ந்தது. சம்மதம் இருந்தால் குற்றமாகாதே என்று கேட்கலாம். 87ஆம் பிரிவு தந்த சம்மத விலக்கு கொடுங்காயம் வரை நீளவில்லை. 88ஆம் பிரிவு, ஒருவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அவர் சம்மதத்தின் பேரில் செய்யப்படுவதைக் காத்தது. ஆக, ஓர் அறுவை மருத்துவர் இதைச் செய்யவேண்டுமானால், இது நோயாளியின் நன்மைக்கே என்று நாளை நீதிமன்றத்தில் நிறுவக்கூடியவராக இருக்கவேண்டும். துணிந்தவர் சிலர் செய்தார்கள், பெயர்ப்பலகையில் எழுதாமல். பெரும்பாலோர் கதவைச் சாத்தினார்கள். மனநல மருத்துவரின் சான்று கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றியதற்கு மருத்துவ நெறி எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு இந்த அச்சமும் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சான்று நோயாளியைக் காப்பதைவிட மருத்துவரைக் காத்தது.

சட்டம் பகுதிக்குப் பகுதி வேறுபட்டதும் அன்றே தொடங்கிவிட்டது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. நம்மவர் அதிகம் பேசாத பாகம். வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவுத் ஆகிய பகுதிகளில் 'அலிகள்' என்று அரசு கருதியவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றவும், அவர்கள் பெண்ணுடையில் பொது இடத்தில் ஆடிப்பாடுவதைத் தண்டிக்கவும் அது வழிசெய்தது. ஆண்மை நீக்கம் என்ற வழக்கமே மறைந்து, அதன் வழியே ஒரு சமூகம் மெல்ல அற்றுப்போகவேண்டும் என்பதே ஆட்சியாளர்களின் நோக்கம் என்பதை ஜெசிகா ஹிஞ்சி ஆவணங்களைக் கொண்டு விரிவாகக் காட்டியிருக்கிறார். சென்னை மாகாணத்துக்கு அந்தப் பாகம் நீட்டிக்கப்படவில்லை. இங்கே பதிவேடு இல்லை. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 320 எல்லாருக்கும் பொது. வடக்கே காவலர் கண்ணில் பட்டு மறைந்து வாழ்ந்த கூட்டம் தனக்குள் இறுகியது. குரு, சேலா, நானி என்ற உறவுமுறையும், வீடுகள் என்று சொல்லப்படும் பரம்பரைகளும், சடங்குகளும் வடக்கில்தான் வலுப்பெற்று நின்றன. தெற்கிலிருந்து ஓடியவர்கள் தில்லிக்கும் மும்பைக்கும் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜமாத்தின் வழி எப்படி இருந்தது? ஒருவர் குருவிடம் 'ரீத்து' போட்டுச் சேலாவாகிறார். அறுவை செய்துகொள்ளாதவர் 'அக்வா'. பிச்சை, வாழ்த்துப்பாட்டு, பாலியல் தொழில் எனக் கிடைக்கும் வருவாயில் பங்கைக் குருவிடம் கொடுத்துச் சில ஆண்டுகள் கழிகின்றன. குரு மனம்வைத்தால் 'நிர்வாணம்'. வடமொழியில் விடுதலையையும் தமிழில் ஆடையின்மையையும் குறிக்கும் சொல், இவர்கள் வாயில் ஓர் அறுவைக்குப் பெயராகியது. அதில் இரண்டு வகை. ஒன்று தாயம்மா கையால் செய்வது: மாதாவின் படத்துக்கு முன்னால், இரவின் கடைசி யாமத்தில், மயக்கமருந்து இல்லாமல், ஒரு கத்தியால். தாயம்மாவும் ஒரு திருநங்கையே. மற்றது டாக்டர் நிர்வாணம்: திண்டுக்கல், கடப்பா போன்ற ஊர்களில் சிறிய தனியார் மருத்துவமனைகளில், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு. இரண்டிலும் நடப்பது ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்குவதே. பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை அன்று; அது வேறு, அதற்கு வேறு பயிற்சியும் நீண்ட நேரமும் பல துறையினரும் வேண்டும். தாயம்மாவிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இறந்தவர் இறந்த இடத்திலேயே புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கதைகள் உண்டு. அந்த முறையை அழகாக்கி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வரும் நாற்பது நாட்களைப் பற்றி நிறுத்தி எழுதவேண்டும். அறுவை முடிந்தவரை ஜமாத் ஓர் அறையில் வைக்கிறது. கண்ணாடி பார்க்கக்கூடாது, தலை வாரக்கூடாது, ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது, பால் குடிக்கக்கூடாது. காரணங்களை நாம் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். கவனிக்கவேண்டியது, பக்கத்தில் ஒருத்தி இரவும் பகலும் இருக்கிறாள் என்பதை. வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறாள், சோறு ஊட்டுகிறாள், சிறுநீர் பிரிகிறதா என்று பார்க்கிறாள். அவளும் முன்பு இதே பாயில் கிடந்தவள். நாற்பதாம் நாள் மஞ்சள் நீராட்டி, மருதாணி இட்டு, பச்சைப் புடவை உடுத்தி, விடியுமுன் பால்குடம் எடுத்து நீர்நிலைக்குப் போய்ப் பாலை ஊற்றித் திரும்புவார்கள். அப்போதுதான் கண்ணாடி. நம் வீடுகளில் பூப்பு நீராட்டும் பிள்ளைபெற்றவளுக்குச் செய்யும் பத்தியமும் சேர்ந்தது போன்ற ஒன்று இது. பெற்ற வீடு செய்ய மறுத்ததை இன்னொரு வீடு செய்தது. அதற்கு விலையும் வாங்கியது: செலவான பணம் கடனாகச் சேலாவின் தலையில் ஏறும், அதைத் தீர்க்க ஆண்டுகள் ஆகும், நடுவில் குருவை விட்டுப் போகவும் முடியாது. ரேவதியும் வித்யாவும் புண் ஆறுமுன்பே இரயிலேறித் திரும்பிய பக்கங்களைப் படித்தவர்களுக்கு, அவர்கள் ஏன் அந்த அறைக்குத் திரும்பியே ஆகவேண்டியிருந்தது என்பது புரியும். வேறு எந்த அறையும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இப்போது கூவாகம். அரவான் களப்பலிக்கு முன் ஓரிரவு மணவாழ்வு கேட்டான், கண்ணன் மோகினியாக வந்து மணந்தான் என்ற கதையும், தாலி கட்டி மறுநாள் அறுத்து அழும் வழக்கமும் எல்லாரும் அறிந்தவை. தொலைக்காட்சிக்காரர்கள் காட்டாத ஒன்று: தென்னார்க்காட்டு ஊர்களில் கூத்தாண்டவர் கோயில்கள் பல உண்டு, திரௌபதியம்மன் வழிபாட்டையும் பாரதக்கூத்தையும் களத்தில் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்வோரில் வேண்டுதல் உள்ள சுற்றுவட்டார ஆண்களும் உண்டு. ஆகவே நைனார்பாளையம் போன்ற ஊரில் வளரும் ஒரு பிள்ளைக்குக் கூத்தாண்டவர் புதிய தெய்வம் அல்லர். வீட்டாரோடு திருவிழாவுக்குப் போகலாம். யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். போன இடத்தில் தன்னைப் போன்ற பலரை முதல்முறையாக ஒருசேரப் பார்க்கலாம். பம்பாய்க்காரர் ஒருவரின் முகவரி கிடைக்கும். எந்த ஊரில் எந்த டாக்டர், எவ்வளவு, யாரிடம் போகக்கூடாது, எந்த மாத்திரை தின்றால் மார்பு வளரும் என்பதெல்லாம் அங்கே வாய்வழி பரவியது. மேலே சொன்ன சுலபமான வழி இதுதான். அது கூவாகம் வரை சுலபம். அதற்கப்புறம் ஆயிரம் கிலோமீட்டர்.

மாத்திரை என்றேன். கருத்தடை மாத்திரைகளை எண்ணிக்கையில்லாமல் விழுங்கியவர்கள் ஏராளம். அவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்ற அறிவு சரிதான். எவ்வளவு, எத்தனை நாள், ஈரலுக்கும் இரத்தக் குழாய்க்கும் என்ன ஆகிறது என்று பார்க்க ஆளில்லை. இரத்தம் உறைந்து கால் நரம்பை அடைத்தால் அதை இன்ன மாத்திரையால் வந்தது என்று சொல்லி மருத்துவரிடம் போகவும் கூச்சம். ஹார்மோன் சிகிச்சை என்பது ஒருநாள் காரியம் அன்று. வாழ்நாள் முழுதும் நீள்வது. சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை கேட்பது. விதைகளை நீக்கியபின் ஹார்மோன் எதுவுமே எடுக்காமல் விட்டால் எலும்பு தேயும். நிர்வாணத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பிய பலர் நடுவயதில் முதுகுவலியோடு நிற்பதன் பின்னால் இதுவும் இருக்கக்கூடும்.

அரசு மருத்துவத்துறை கூவாகத்துக்கு வந்தது, ஆனால் இதற்காக அன்று. எய்ட்ஸ் அச்சம் கொண்டு வந்தது. தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் அமைந்தது. கூவாகத் திருவிழாவில் ஆணுறையும் துண்டறிக்கையும் கொடுக்கும் பந்தல்கள் எழுந்தன. திருநங்கையர் அமைப்புகள் பலவற்றுக்கு முதல் நிதி இந்த வழியில்தான் வந்தது. அந்த நிதியால் அலுவலகம், கூட்டம், பேச்சுரிமை எல்லாம் கிடைத்தன என்பதை மறுக்கக்கூடாது. ஆனாலும் நோய்பரப்பும் உடல் என்ற முறையிலேயே அரசுக்கு இவ்வுடல் முதலில் கண்ணில் பட்டது. அந்த நிதித்தலைப்பில் ஹார்மோனுக்கோ அறுவைக்கோ இடமில்லை. பந்தலுக்கு வந்து இரத்தம் கொடுத்தவர், பந்தலை விட்டு வெளியேறிக் கடப்பாவுக்கு வழி கேட்டார்.

மாற்றம் 2000களின் நடுவில் தொடங்கியது. 2006 டிசம்பரில் தமிழக அரசின் சமூகநலத்துறை அரவாணியர் மறுவாழ்வு குறித்த ஆணையை வெளியிட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நலவாரியம் அமைந்தது, நாட்டிலேயே முதலாவது. அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் பால்மாற்று அறுவை செய்யப்படும் என்ற நிலையும் அந்த ஆண்டுகளில் வந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயர் இதோடு சேர்ந்து ஒலிக்கத் தொடங்கியது. இதன் பெருமையைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத 'பிற' என்ற பகுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர்; உத்தரப் பிரதேசத்தில் 1,37,465 பேர். அங்கே அப்போது வாரியமும் கிடையாது. எண்ணிக்கை மிகுந்த இடத்தில் வசதி வரவில்லை; குரல் எழுந்த இடத்தில் வந்தது. (அந்தக் கணக்கே நம்பத்தக்கதல்ல என்பார்கள். கேரளத்தில் 3,902 பேர் மட்டுமே என்று அது சொல்லியதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் மகன் என்று சொல்லப்பட்டவரை எந்தக் கணக்காளர் வேறாகக் குறித்திருப்பார்?)

நைனார்பாளையத்திலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கடப்பாவைவிடக் கிட்டத்தில்தான். ஆனால் இந்தப் பாதையின் இயல்பு வேறு. கடப்பாவுக்கு ஒருமுறை போனால் போதும். கீழ்ப்பாக்கத்துக்குப் பலமுறை போகவேண்டும். மனநலத் துறையில் பலமுறை, நாளமில்லாச் சுரப்பித் துறையில், சிறுநீரகத் துறையில், ஒட்டறுவைத் துறையில், பிறகு தேதிக்காகக் காத்திருப்பு. உலக அளவில் இதற்கான நெறிமுறைகளை வகுக்கும் திருநர் நலத் தொழில்முறைச் சங்கம் 2012இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பில் உறுப்பறுவைக்கு இரண்டு மனநலச் சான்றுகளைக் கேட்டது; 2022இன் எட்டாம் பதிப்பில் ஒன்றே போதும் என்றது. உலகச் சுகாதார நிறுவனம் இந்நிலையை மனநோய்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்தப் புதிய பட்டியல் 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உலகப் பட்டியல் மாறியதும் புறநோயாளிப் பிரிவின் வரிசை மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு சான்றும் ஒரு நாள் கூலி, ஓர் இரவுப் பேருந்து, தங்க இடமில்லாத ஒரு நகரம்.

அண்டை மாநிலத்தின் வழி வேறாக இருந்தது. கேரளம் 2015இல் திருநர்க்கென ஒரு கொள்கையை அறிவித்தது. 2018இல் அறுவைக்கு 2 இலட்சம் ரூபாய் வரை அரசு தரும் என்றது. தமிழ்நாடு தன் மருத்துவமனைக் கதவைத் திறந்தது. கேரளம் தனியார் மருத்துவமனையில் செய்த செலவைத் திருப்பித் தந்தது. இரண்டாவது முறையில் தெரிவு அதிகம். ஆனால் முதலில் யாராவது பணத்தைப் போடவேண்டும். போடக்கூடியவருக்குத்தான் திரும்பக் கிடைக்கும். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெளிவில்லை. கேரள வானொலியின் முதல் திருநங்கை அறிவிப்பாளராக அறியப்பட்டவரும், 2021 சட்டமன்றத் தேர்தலில் வேங்கரை தொகுதிக்கு மனுச் செய்தவருமான அனன்யா குமாரி அலெக்ஸ், 2020இல் கொச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்ட அறுவைக்குப் பின் தமக்கு நேர்ந்த வேதனையைப் பொதுவெளியில் சொல்லிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் நிற்கவும் இயலவில்லை என்றார். 2021 ஜூலை 20 அன்று தம் வீட்டில் இறந்து கிடந்தார். கேரள அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. படித்தவர், அறியப்பட்டவர், பெருநகரில் வாழ்ந்தவர். அறுவைக்குப் பின்னான மாதங்களில் அவருடைய புகாருக்குச் செவிகொடுக்க ஓர் அமைப்பு இல்லை. இது கேரளத்தின் குறை மட்டுமன்று. அறுவை ஒருநாள் நிகழ்ச்சி, அதோடு கோப்பை மூடிவிடலாம் என்ற எண்ணம் நாடு முழுவதும் பொது.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில், ஒருவர் தம் பாலை அறிவிக்க அறுவையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றது. (நம் வாரியத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் ஒரே தேதி அமைந்தது தற்செயல்.) 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் அதன் 15ஆம் பிரிவில் அறுவையும் ஹார்மோன் சிகிச்சையும் அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனையும் காப்பீடும் அரசுகளின் கடமை என எழுதியது. அதே சட்டம், ஆண் அல்லது பெண் என்று சான்று திருத்திக்கொள்ள விரும்புவோர் மருத்துவமனையிலிருந்து அறுவைச் சான்று கொண்டுவரவேண்டும் என்றும் 7ஆம் பிரிவில் எழுதியது. உரிமையாகத் தரப்பட்டது மறுவாசல் வழியாக நிபந்தனையாகவும் வந்து நின்றது. 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநர்க்கென ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டை ஒன்றிய அரசு அறிவித்தது. காப்பீட்டு அட்டை கையில் இருக்கலாம். அதை நீட்டக்கூடிய மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் என்பதே அஸ்ஸாம் மலையோரத்தவருக்கும் கல்வராயன் மலையோரத்தவருக்கும் ஒரேபோன்ற கேள்வி.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் போக முடியாது. வயதுவந்த ஒருவர் கேட்டுக் கேட்டும் கிடைக்காத அறுவை, கேட்கவே தெரியாத குழந்தைகளுக்குத் தாராளமாகச் செய்யப்பட்டுவந்தது. ஊடுபால் உடலோடு பிறந்த சிசுக்களை ஆண் அல்லது பெண் என்று 'சரிசெய்ய' மருத்துவர்கள் தயங்கவில்லை. அங்கே மனநலச் சான்றும் வேண்டியிருக்கவில்லை. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு தொடர்பான வழக்கில், இந்தச் சிசு அறுவைகளைத் தடைசெய்யுமாறு அரசுக்குக் கட்டளையிட்டார். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று அதே ஆண்டு தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. சம்மதம் என்ற ஒன்றே நன்மைக்கும் கொடுங்காயத்துக்கும் எல்லை என்பது அந்த ஆணையின் உட்பொருள். 1860இல் தொடங்கிய குழப்பத்துக்கு ஒரு முனையில் இருந்தாவது முடிச்சு அவிழ்ந்தது.

இவ்வளவு நேரம் திருநங்கையரைப் பற்றியே எழுதியிருக்கிறேன். திருநம்பிகள் இந்த வரலாற்றில் எங்கே? பெண்ணுடலில் பிறந்து ஆணாக வாழ்பவர்க்குத் தாயம்மா இல்லை, ரீத்து இல்லை, அவர்களுக்கென்று கூவாகம் போன்ற திருவிழா இல்லை. கிராமத்தில் பெண்பிள்ளை தனியே இரயிலேறி மும்பைக்கு ஓடுவதும் அத்தனை எளிதன்று. ஓடினாலும் வாசலில் அழைத்துக்கொள்ள ஒரு நானி இல்லை. வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டு, மணமுடித்துவைக்கப்பட்டு, பேச்சில்லாமல் போனவர்களே பெரும்பாலோர். அவர்களுக்குத் தேவைப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மார்பக நீக்கம், கருப்பை நீக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் அந்நியமானதன்று. கருப்பை நீக்கம் நம் ஊர்ப்புறங்களில் தேவைக்கு மேலேயே நடக்கும் அறுவை. மார்பகப் புற்றுக்காக மார்பை அகற்றும் கை இதையும் அகற்ற வல்லது, வடிவமைப்பதற்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்றாலும். யாருக்காக, எந்தக் காரணத்துக்காக என்பதில்தான் கை நிற்கிறது. நலவாரியத்தின் பெயரிலேயே நங்கையர் மட்டும் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். உறவமைப்பு வகுத்துத் தந்த வடிவத்தையே அரசும் எடுத்துக்கொண்டதால், உறவமைப்பு இல்லாதவர்கள் அரசின் கண்ணிலும் வெகுகாலம் படவில்லை. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் பால் அடையாள வழிகாட்டு மருத்துவகங்கள் வந்தபிறகே திருநம்பிகள் ஓரளவு வெளியே வந்து வரிசையில் நின்றார்கள்.

நைனார்பாளையத்துக்குத் திரும்புவோம். கள்ளக்குறிச்சியில், சிறுவங்கூரில், 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினொன்றில் அது ஒன்று. 2020இன் விதிகள்படி திருநர் அடையாளச் சான்று வழங்கவேண்டிய அதிகாரி மாவட்ட ஆட்சியர். அந்த அலுவலகமும் இப்போது விழுப்புரத்தில் அன்று, கள்ளக்குறிச்சியில். பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது ஆண்டுக்கு நூறு செய்கிற கையால் செய்யப்படுவதே நல்லது; அதற்குச் சென்னை போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னும் பின்னுமுள்ள பெரும்பகுதி ஊர்ப்பக்கத்திலேயே நடக்கக்கூடியது. ஹார்மோன் மாத்திரை தர, ஈரலும் இரத்தக் கொழுப்பும் பார்க்க, மனநல மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேச, ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகலும், வருபவரை வாசலில் எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று தெரிந்த ஒரு செவிலியரும் போதும்.

பிறகு அந்த நாற்பது நாட்கள். பெண்ணுறுப்பு அமைக்கப்பட்டவர் பல மாதங்களுக்கு அன்றாடம் விரிகருவி கொண்டு அதைத் திறந்து வைத்திருக்கவேண்டும், விட்டால் மூடிக்கொள்ளும். சிறுநீர்த் துளை சுருங்கினால் உடனே பார்க்கவேண்டும். தையல் பிரிந்தால் இரவே போகவேண்டும். மருத்துவமனை ஒன்றிரண்டு வாரத்தில் படுக்கையைக் காலிசெய்யச் சொல்கிறது. அதற்கும் நியாயம் உண்டு, அடுத்தவர் காத்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஒருமாத ஓய்வு என்று எழுதியிருக்கும். எந்த வீடு என்று எழுதியிராது. ஜமாத்தை நம்பாமல் அரசை நம்பி வந்தவருக்கு ஜமாத்தின் அறை இல்லை. பெற்ற வீடு பல வேளைகளில் திறப்பதில்லை. திறந்தாலும், தெருவில் எல்லாருக்கும் தெரிய ஒரு மாதம் திண்ணையறையில் படுத்திருக்கவேண்டும். பிள்ளைபெற்றவளுக்கு அரசு பேறுகால நிதி தருகிறது, சத்துப் பெட்டகம் தருகிறது, கிராமச் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. அந்தச் செவிலியர் போகும் தெருவில்தான், இன்னொரு வீட்டில், புண் ஆறாத ஒருத்தியும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அவளுடைய பெயர் செவிலியரின் பதிவேட்டில் இல்லை.